மிட்டாய் கம்பெனிக்கு அடியில் ஒரு ஊர்

அம்மா லீட்ஸுக்கு வந்து மூன்றாவது வாரமே அவளுக்கு அரண்மனைகள் அலுத்துப்போயின.

"எல்லாத்துலயும் அதே கட்டிலு, அதே பீங்கான் தட்டு. அந்த ராசா எங்க குளிச்சான், எங்க வெளிக்குப் போனான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கானே?"

கோவில்பட்டியில் முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் விடமாட்டாள். அன்றைக்கு ராத்திரி படுக்கும்போதுதான் எனக்கு யார்க் ஞாபகம் வந்தது. ராஜா எங்கே போனான் என்று தெரியாவிட்டாலும், ராஜாவின் ஊரில் இருந்த ஒரு சாமானியன் எங்கே போனான் என்பதை அச்சுப் பிசகாமல் சொல்லும் மியூசியம் ஒன்று அங்கே இருக்கிறது. யோர்விக் வைக்கிங் மையம்.

லீட்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. இங்கே வந்த ஆறு வருஷத்தில் நான் அதற்குள் கால் வைத்ததில்லை. ஸ்கூல் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கும் இடம், பேசும் பொம்மைகள், தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து ஒரு சுற்று, கடைசியில் கடை. இப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். போதாக்குறைக்கு இந்த 'இம்மர்ஸிவ்' என்ற சொல்லே எனக்கு ஒவ்வாமை. ஒரு குடோனை வாடகைக்கு எடுத்து, நாலு சுவரிலும் புரொஜெக்டரைத் திருப்பி, செத்துப்போன ஓவியரின் சூரியகாந்திப் பூவைச் சுழலவிட்டு, தலைக்கு முப்பது பவுண்டு வாங்குகிறார்கள். அதே படத்தை நாளைக்கு துபாயில் போடலாம், மறுநாள் சேலத்தில் போடலாம். இடத்துக்கும் விஷயத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

யோர்விக் அந்த ரகம் இல்லை என்பது அம்மாவோடு போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

யார்க்கில் இறங்கி நடக்கும்போது தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். ஸ்டோன்கேட், மிக்கில்கேட், குட்ராம்கேட். "இத்தனை கேட்டு வச்சிருக்கானுவ, ஒரு கேட்டையும் காணோம்?" என்றாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. அதுதான் கேட் ஆகிவிட்டது. நிஜமான கோட்டை வாசல்களுக்கு இந்த ஊரில் 'பார்' என்று பெயர். தெருவுக்கு கேட், கேட்டுக்கு பார், பாருக்கு பப் என்று ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

மியூசியம் இருப்பது கோப்பர்கேட்டில். அம்மா அதை செம்புத் தெரு என்று வாசித்தாள். அப்படித்தான் நானும் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அது செம்பு இல்லை, கோப்பை. மரத்தைக் கடைந்து கோப்பையும் கிண்ணமும் செய்தவர்கள் குடியிருந்த தெரு. இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப நான் சொன்னதுல என்ன தப்பு? நம்மூர்ல செம்புன்னா தண்ணி குடிக்கிறதும்தானே" என்றாள். டீச்சரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

கதை இதுதான். கோப்பர்கேட்டில் கிரேவன்ஸ் என்றொரு மிட்டாய் ஃபேக்டரி இருந்தது. யார்க்கே ஒரு மிட்டாய் ஊர். ரவுன்ட்ரீ, டெர்ரி என்று சாக்லேட்டில் பெயர் வாங்கிய குடும்பங்களெல்லாம் இந்த ஊர்தான். கிரேவன்ஸ் கம்பெனி வேறு இடத்துக்குப் போனதும் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே கடைவீதி கட்டலாம் என்று முடிவானது. இந்த ஊரில் எங்கே கடப்பாரை போட்டாலும் எதிலாவது முட்டும். அதனால் கட்டுவதற்கு முன்னால் தோண்டிப் பார்க்க யார்க் தொல்லியல் அறக்கட்டளைக்கு இடம் கிடைத்தது. ரிச்சர்ட் ஹால் என்பவர் தலைமையில் 1976-இல் ஆரம்பித்த வேலை 1981 வரை ஓடியது.

"மிட்டாய் கம்பெனியை இடிச்சுட்டா தோண்டுனாங்க?" அம்மா நின்றுவிட்டாள். கோவில்பட்டிக்காரியிடம் இந்த விஷயத்தைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம்.

அந்த இடத்தில் மண் அடுக்கு ஒன்பது மீட்டர் வரைக்கும் போனது. அடியில் ரோமர்கள். அவர்கள் கி.பி. 71-இல் எபோராக்கம் என்று பெயர் வைத்து உண்டாக்கிய ஊர். அதற்கு மேலே ஆங்கிலர்கள். அவர்கள் வாயில் அது எயொஃபர்விக் ஆனது. எயொஃபர் என்றால் காட்டுப்பன்றி. 866 நவம்பர் 1-ஆம் தேதி, சகல புனிதர்கள் திருநாளன்று, வைக்கிங் படை வந்து ஊரைப் பிடித்தது. அவர்கள் நாக்குக்கு அந்தப் பெயரும் பிடிபடாமல் யோர்விக் என்றார்கள். அதுதான் தேய்ந்து தேய்ந்து யார்க். அவர்களுடைய கடைசி ராஜாவான ரத்தக்கோடரி எரிக்கை 954-இல் விரட்டிவிட்டார்கள். ராஜா போனாரே தவிர, குடிவந்த ஜனம் எங்கேயும் போகவில்லை. கோப்பை கடைந்துகொண்டு, சீப்பு அறுத்துக்கொண்டு, அங்கேயேதான் இருந்தார்கள்.

தோண்டியபோது அவர்களுடைய வீடுகள் அப்படியே கிடைத்தன. நான் சொல்வது அஸ்திவாரத் தடத்தை அல்ல. மிலாறு முடைந்த படல் சுவர் இடுப்பளவுக்கு நின்றது. வேலி, தோல் செருப்பு, கம்பளித் துணி, பட்டுத் தொப்பி, மரக்கிண்ணம் எல்லாம் கிடைத்தன. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவை நாலு மனையாகப் பிரித்து வேலி போட்டிருக்கிறார்கள். அந்த மனைக் கோடுகள் அப்புறம் ஆயிரம் வருஷம் கிட்டத்தட்ட மாறாமல் கிரேவன்ஸ் காலம் வரைக்கும் வந்திருக்கின்றன. வேலி போட்டவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவன் போட்ட எல்லையை மட்டும் ஒருத்தரும் தாண்டவில்லை.

இத்தனையும் மக்காமல் இருந்ததற்குக் காரணம் தண்ணீர். ஊஸ், ஃபாஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிற மேடு அது. குப்பை, சாணம், மரத்தூள், வைக்கோல் என்று போட்டுப் போட்டு உயர்ந்த மண் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. ஈரம் நிறைந்த இடத்தில் காற்று புகாது. காற்று இல்லையென்றால் மக்கவைக்கும் கிருமிக்கு அங்கே வேலை இல்லை. ஊறுகாய் ஜாடிக் கணக்குதான். ஆனால் வெளியே எடுத்த நிமிஷத்தில் ஆட்டம் ஆரம்பம். காய்ந்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும். அதனால் தண்ணீரில் போட்டே வைத்திருந்து, மெழுகு மாதிரியான பாலிஎத்திலீன் கிளைகாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மரத்துக்குள் இருக்கும் தண்ணீரின் இடத்தை அதற்குக் கொடுத்து, அப்புறம்தான் உலர்த்தினார்கள். ஒரு உத்தரக் கட்டைக்கு வருஷக்கணக்கில் ஆகும் வேலை.

தோண்டும்போதே காசு கொடுத்து வேடிக்கை பார்க்க ஜனம் வந்துகொண்டே இருந்தது. குழியைச் சுற்றி நடைபாதை போட்டார்கள். ஐந்து வருஷத்தில் ஐந்து லட்சம் பேர்போல எட்டிப்பார்த்தார்களாம். குழியை மூடிவிட்டு மேலே கடை கட்ட மனசு வரவில்லை. கடைவீதி மேலே, ஊர் கீழே என்று ஏற்பாடாகி, 1984 ஏப்ரலில் யோர்விக் திறந்தது. தோண்டிய அதே பள்ளத்தில், அதே ஆழத்தில். பாதாளத்தில் வைத்தால் ஒரு 'ஃபீல்' வரும் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. ஊர் இருந்த மட்டம் அது.

படி இறங்கினால் முதலில் ஒரு அறை. தரை முழுக்கக் கண்ணாடி. காலுக்குக் கீழே எழுபதுகளில் தோண்டிய குழி அப்படியே தெரிகிறது. விட்டம், படல், எலும்பு எல்லாம் இருக்கிறது. அம்மா கண்ணாடி மேல் நடக்கமாட்டேன் என்று ஓரத்திலேயே நின்றாள். "ஆதிச்சநல்லூர்ல தாழிக்கு மேல கண்ணாடி போட்டிருக்காங்கல்லா, அது மாதிரியா?" என்றாள். மாதிரிதான், ஆனால் ஒரு வித்தியாசம். ஆதிச்சநல்லூரில் கண்ணாடிக்கு அடியில் இருப்பது இடத்தைவிட்டு நகராத நிஜத் தாழி. இங்கே காலடியில் இருப்பது திரும்ப அமைத்த குழி. இது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நிஜமான இடத்துக்கு வந்து, நிஜமான மட்டத்துக்கு இறங்கி, அங்கே பிரதியைப் பார்ப்பது. அம்மாவிடம் சொன்னேன். "மரத்தைத் தண்ணிக்குள்ளயே எத்தன வருஷம் வச்சிருப்பான்? வெளிய எடுத்துதானே ஆகணும்" என்றாள். அதுவும் சரிதான்.

அப்புறம் பெட்டி. தலைக்கு மேலே ஓடும் தண்டவாளத்தில் தொங்குகிறது. உட்கார்ந்து கம்பியை மூடிக்கொண்டால் ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக நகர்கிறது. ராட்டினத்துக்குப் பயந்து சீட்டை இறுக்கிப் பிடித்த அம்மா பத்து வினாடியில் கையை எடுத்துவிட்டாள்.

பொம்மைகளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சில நன்றாக இருக்கின்றன, சில பொருட்காட்சி ரகம். கழுத்து ஒரு பக்கம் திரும்பும், வாய் ஒரு பக்கம் அசையும், சத்தம் வேறு எங்கிருந்தோ வரும். காதில் ஓடும் விளக்கம் நம்மைப் பார்க்கவே விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. ஆனால் பொம்மைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பழைய நார்ஸ் மொழியில். நமக்கு ஒரு எழுத்தும் புரியாது. அது எனக்குப் பிடித்தது. வேற்று ஊருக்குப் போனால் அப்படித்தானே இருக்கும்? முகங்களும் சும்மா பிடித்து வைத்தவை அல்ல. தோண்டியெடுத்த மண்டையோடுகளை அளந்து, அதன் மேல் சதை வைத்துச் செய்தவை.

வாசல் வாசலாகப் பெட்டி நகர்கிறது. ஒருத்தர் இரும்பு அடிக்கிறார். ஒருத்தர் மான்கொம்பை அறுத்துச் சீப்பு செய்கிறார். ஒருத்தர் கோப்பை கடைகிறார். மின்சாரமா, சக்கரமா? வளையும் கம்பு ஒன்று மேலே, மிதிகட்டை கீழே, நடுவில் கயிறு சுற்றிய மரத்துண்டு. மிதித்தால் ஒரு பக்கம் சுழலும், விட்டால் கம்பு இழுத்து மறுபக்கம் சுழலும். உளி பிடிப்பது ஒரு பக்கச் சுற்றில் மட்டும். கிண்ணத்தின் உள்பக்கத்தைக் கடைந்து முடித்ததும் நடுவில் கூம்பு மாதிரி ஒரு கட்டை மிஞ்சும். அதை உடைத்து எறிந்துவிடுவார்கள். இப்படி எறிந்த கட்டைகள் இங்கே நூற்றுக்கணக்கில் கிடைத்தன. தெருப் பெயர் பொய் சொல்லவில்லை என்று நிரூபித்தது கோப்பை அல்ல, கோப்பையிலிருந்து மிஞ்சிய கழிவு. அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் கடைசல் பட்டறை வாசலில் சீவல் பொறுக்கப் போவாளாம்.

திருப்பத்தில் வருவதற்குள்ளேயே மூக்கு சொல்லிவிட்டது. படல் தட்டி மறைப்புக்குப் பின்னால் ஒரு ஆள் குந்தியிருக்கிறார். முகத்தில் பாடு. முக்கல் சத்தம் வேறு. முன் பெட்டியில் இருந்த பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே, "இந்தா பாத்தியா, இவன்தான் மனுசன்" என்றாள்.

வாசம் என்று சொன்னேனே, அதுதான் யோர்விக்கின் பேர். புகை, ஈர மண், மீன், கொதிக்கிற இறைச்சி, தார் பூசிய கயிறு, அழுகின குப்பை, கக்கூஸ். ஒவ்வொரு மூலைக்கும் ஒவ்வொன்று. 1984-இலிருந்தே இந்த வாசங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் வளர்ந்த யாரிடமாவது யோர்விக் என்று சொல்லிப்பாருங்கள். ராஜா பேரும் சொல்லமாட்டார்கள், வருஷமும் சொல்லமாட்டார்கள். "அய்யே, அந்த நாத்தம்!" என்பார்கள். என் ஆபீசில் மூன்று பேர் அதையேதான் சொன்னார்கள். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் உளவியல்காரர்கள் இரண்டு பேர் இதை வைத்தே ஒரு ஆராய்ச்சி செய்து 1999-இல் வெளியிட்டார்கள். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் யோர்விக்குக்குப் போனவர்களைக் கூப்பிட்டு, மியூசியத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேள்வித்தாள் கொடுத்தார்கள். சிலருக்கு யோர்விக்கின் அதே ஏழு வாசங்கள், சிலருக்குச் சம்பந்தமில்லாத வாசங்கள், சிலருக்கு எதுவும் இல்லை. அதே வாசத்தை முகர்ந்துகொண்டே எழுதியவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் வந்தது. இதற்கு ஆராய்ச்சி எதற்கு, பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாசம் புதுப் புத்தகத்தை விரித்து முகர்ந்து பார்த்த எவரைக் கேட்டாலும் சொல்வார்களே என்று தோன்றியது. இருந்தாலும் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள், நல்லதுதான்.

கக்கூஸை வேடிக்கைக்காக மட்டும் வைக்கவில்லை. கோப்பர்கேட்டில் கிடைத்த புதையலிலேயே பெரிய புதையல் மலக்குழிகள்தான். சாப்பிட்ட பழத்தின் கொட்டை, மீன் முள், தவிடு, துடைத்துப் போட்ட பாசி எல்லாம் அதில் இருந்தன. மண்ணை ஊறவைத்துச் சலித்து, நுண்ணோக்கியில் பார்த்தபோது சாட்டைப்புழு முட்டையும் நாக்குப்பூச்சி முட்டையும் கூட்டம் கூட்டமாக. பேன் இருந்தது, தெள்ளுப்பூச்சி இருந்தது. சாயம் போடும் மஞ்சிட்டி வேர்க் கழிவு இருந்தது. தேனீ இருந்தது. கிணறும் மலக்குழியும் ஒரே கொல்லையில். ஏன் எல்லாருக்கும் வயிற்றில் பூச்சி என்று கேட்க வேண்டியதே இல்லை.

பெட்டியிலிருந்து இறங்கினால் கூடம். இங்கே இருப்பவை நிஜப் பொருட்கள். எடுத்தது மொத்தம் 40,000 என்கிறார்கள். அதில் ஒரு பங்குதான் காட்சிக்கு. எனக்கு முக்கால் மணி நேரம் போதவில்லை. பெட்டிச் சவாரியைப் பாதியாக்கி இந்தக் கூடத்தை இரண்டு மடங்காக்கினால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஒரு காலுறை. ஒற்றை ஊசியில், முடிச்சு முடிச்சாகப் போட்டுப் பின்னியது. நம்ம பாட்டிகள் இரண்டு ஊசியில் பின்னும் ஸ்வெட்டர் வேலைக்கும் முந்தின பாணி. இங்கிலாந்தில் இந்த மாதிரி வேறு ஒன்று கிடைத்ததில்லை. குதிகால் வைக்கிற இடம் குழிந்து, யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி கிடக்கிறது. மரத்தில் துளைபோட்ட ஊதுகுழல் ஒன்று. ஐந்து சுரம். மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்து ஊதினால் இன்றைக்கும் சத்தம் வருகிறதாம்.

கள்ளக்காசு கதை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. சமர்கண்டில் அடித்த அராபிய வெள்ளிக்காசு போல ஒன்று கோப்பர்கேட்டில் கிடைத்தது. சுரண்டினால் உள்ளே செம்பு. வைக்கிங்குகள் வெள்ளியை எடைபோட்டு வாங்குகிறவர்கள், அதனால் சந்தேகம் வந்தால் வெட்டிப் பார்ப்பார்கள். அப்படியும் ஒருத்தன் ஏமாந்திருக்கிறான். எத்தனை கை மாறி, எத்தனை ஆறு தாண்டி, கடைசியில் யார்க்கில் ஒரு இளிச்சவாயன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று சோழி. சிறுத்தைப் புள்ளி போட்ட பெரிய ரகம். அந்த ரகம் வளர்வது செங்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் மட்டும்தான். அங்கேயிருந்து இங்கே எப்படி வந்தது? பைசாந்தியத்திலிருந்து, அதாவது இன்றைய துருக்கிப் பக்கமிருந்து, பட்டு வந்த வழியாகவே வந்திருக்கலாம். ரயிலிலேயே இதை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டாள். "விளையாடவா, தாயத்தாவா, காசாவா?" என்று மூன்று தடவை கேட்டாள். ஒரே ஒரு சோழியை வைத்துக்கொண்டு பல்லாங்குழி ஆட முடியாது, காசாகவும் செல்லாது. பிள்ளைக்கு அரைஞாணில் கட்டியிருப்பார்கள் என்று அவளாகவே தீர்ப்பு சொல்லிவிட்டாள். இந்தப் பக்கம் பார்த்தால் நார்வேயிலிருந்து வந்த மாக்கல் சட்டி. "நம்ம கல்சட்டி!" மண்சட்டி உள்ளூரிலேயே குவிந்து கிடக்க, பாறையைக் குடைந்து செய்த சட்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றால், அதில் வைத்த குழம்பின் ருசி தெரிந்தவர்கள்தான்.

ஒரு பெண்ணின் எலும்புக்கூடும் உண்டு. வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம். வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, நொண்டி நடந்திருக்கிறாள். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு ஆழமில்லாத பள்ளத்தில் கிடந்தவள். மூட்டு வலிக்கு இங்கே ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று என்னை நச்சரித்துக்கொண்டிருந்த அம்மா, அந்தப் பெட்டிக்கு முன்னால் முழங்காலைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா கேட்ட முதல் கேள்விக்கான நேரடியான பதிலும் கூடத்தில் இருக்கிறது. 1972-இல் பக்கத்துத் தெருவில் லாய்ட்ஸ் வங்கிக்கு இடம் தோண்டியபோது கிடைத்தது. ஒரு வைக்கிங்கின் முழு மலம். இருபது சென்டிமீட்டர் நீளம், கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கல்லாக இறுகிப்போனது. வங்கியின் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள், வங்கிக்காரர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்களோ. அந்த ஆள் பெரும்பாலும் இறைச்சியும் ரொட்டியுமே தின்றவர். காய்கறிப் பக்கம் அவ்வளவாகப் போனதில்லை. வயிறு நிறைய பூச்சி முட்டை. தொல்லியலாளர் ஒருவர் இதை ராணியின் கிரீட நகைகளுக்குச் சமம் என்று சொல்லிவிட்டார். 2003-இல் கீழே விழுந்து மூன்று துண்டாகிவிட்டது. உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்கள். "படிச்சுப் பட்டம் வாங்கி, கடைசியில இத ஒட்டுற வேல" என்று அம்மா அந்த முகம் தெரியாத ஆளுக்காக வருத்தப்பட்டாள்.

பெரிய பொருள் என்று சொல்லத்தக்க ஒன்று, கோப்பர்கேட் தலைக்கவசம். அது இங்கே இல்லை, யார்க்‌ஷயர் மியூசியத்தில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு, வைக்கிங்குகளுக்கும் முந்தினது. அதைக் கண்டுபிடித்தது தொல்லியலாளர்கள் இல்லை. ஐந்து வருஷம் தூரிகையும் கரண்டியுமாகச் சலித்துவிட்டு அவர்கள் கிளம்பிய பிறகு, 1982 மே மாதம், கடை கட்ட மண் அள்ளிய ஜேசிபி மாதிரி ஒரு வண்டியின் வாளி அதில் இடித்தது. ஓட்டியவர் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தாரே, அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

இந்த மியூசியத்தைப் பற்றி நான் வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தது வெள்ளத்தைத்தான். 2015 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வடக்கு இங்கிலாந்து முழுக்க மழை. ஊஸ் ஏறும்போது அந்தத் தண்ணீர் ஃபாஸுக்குள் எதிர்த்துப் புகாமல் தடுக்க ஒரு மதகு உண்டு. மதகை இறக்கிவிட்டு ஃபாஸின் தண்ணீரை பம்பு வைத்து ஊஸுக்குள் தள்ளுவார்கள். அன்றைக்கு வந்த தண்ணீர் பம்புகளுக்கு மீறியது. பம்பு அறைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து மின்சாரத்தைத் தொடப்போகிறது என்றானதும் மதகைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. நூற்றுக்கணக்கான வீடுகளில் வெள்ளம். பள்ளத்தில் இருந்த யோர்விக்கைச் சொல்ல வேண்டுமா? ஊழியர்கள் முடிந்தவரை தடுப்பு போட்டு இறைத்துப் பார்த்தார்கள். பழைய பொருட்களைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் போனது. பொம்மை, தெரு, ஒயர், தரை எல்லாம். அடுத்த பதினாறு மாதம் மூடிக்கிடந்தது. அந்த நாட்களில் பொருட்கள் ஊருக்குள் வேறு கட்டடங்களில் காட்சிக்கு இருந்தன. திரும்பத் திறந்தது 2017 ஏப்ரலில்.

அந்த மண்ணில் ஈரம் இல்லையென்றால் காலுறை கிடையாது, படல் கிடையாது, சீப்பு கிடையாது. ஆயிரம் வருஷம் கட்டிக் காத்த அதே ஆற்று நீர்தான் ஒரே ராத்திரியில் பிரதியை மட்டும் பார்த்து அழித்துவிட்டுப் போயிருக்கிறது. இப்போதும் நகரத்து நிலத்தடி ஈரத்தைப் பற்றித்தான் தொல்லியலாளர்களுக்குக் கவலை. ஒரு பக்கம் வெள்ளம். மறுபக்கம், கட்டடம் கட்டிக் கட்டி மண் காய்ந்தால், இன்னும் தோண்டாமல் கீழே கிடப்பதெல்லாம் மெதுவாக மக்க ஆரம்பித்துவிடும். யார்க்கின் பெரும்பகுதியை இன்னும் தோண்டவே இல்லை.

கடைசியில் கடை. பிளாஸ்டிக் வாள், கம்பளி, சாவிக்கொத்து. கொம்பு வைத்த தலைக்கவசத்தை வைக்கிங்குகள் போட்டதே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது. சொன்னதும் ஏமாற்றமாகிவிட்டது. "பின்ன எதுக்குப் படத்துல எல்லாம் போடுறான்?" பேரனுக்கு ஒரு மரக்கோப்பை வாங்கினாள். அடியில் எங்கே செய்தது என்று ஒட்டியிருந்த லேபிளை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் வெயில். இந்த ஊர் வெயில்தான், ஸ்வெட்டருக்கு மேல் படும், உள்ளே இறங்காது. கிளிஃபர்ட்ஸ் டவர் மேட்டுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மாவின் கைப்பையிலிருந்து கடலை மிட்டாய் வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த கடைசி பாக்கெட். இரண்டு பேரும் தின்று முடித்தோம். குப்பைத்தொட்டி பத்தடியில் இருந்தது. நான் பிளாஸ்டிக் உறையை வாங்கக் கை நீட்டினேன். அம்மா கொடுக்கவில்லை. எட்டாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்தாள்.

"வேண்டாம்ட்டி. ஆயிரம் வருசம் கழிச்சு எவனாச்சும் எடுத்து வச்சுக்கிட்டு, கோவில்பட்டிக்காரி ஒருத்தி இங்க வந்து கடலை மிட்டாய் தின்னுருக்கான்னு நம்ம வயித்த ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருப்பான்."